மணலுக்குச் சொன்ன நன்றி

ஆறு கடலில் கலக்கும் இடத்தில், ஆழமில்லாத நீரில் ஒரு காரல் மீன் கூட்டம் வாழ்ந்தது. வெள்ளித் தகடு போல மின்னும் சின்ன மீன்கள் அவை. அவற்றுக்குக் கீழே, அடிமணலில், ஒரு மாந்தல் மீன் படுத்திருக்கும். தட்டை உடம்பு. இரண்டு கண்களும் ஒரே பக்கம்.

காரல்கள் புழு தின்னும் இடத்தில் எல்லாம் மாந்தலும் இருந்தது. தாங்கள் சிந்துவதைத் தின்றுதான் அது பிழைக்கிறது என்று காரல்கள் நம்பின. ஒருநாள் கூட்டத்தின் தலைவன் நேராகவே கேட்டுவிட்டது.

"ஏ தட்டை, எங்க வாயையே பார்த்துக்கிட்டு எத்தனை நாள் படுத்திருப்பே? அதுக்குத்தான் ரெண்டு கண்ணையும் மேலே வச்சிருக்கியா?"

மற்றவை சிரித்தன.

"பாரமா இருந்தா போயிடறேன்" என்றது மாந்தல். மணல் ஒருமுறை புரண்டது. பிறகு அது அங்கே இல்லை.

மறுநாள் புழு கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காரலின் சின்ன வாயால் இறுகிய மணலைக் கிளற முடியவில்லை. குஞ்சுகள் மெலிந்தன. கூட்டத்தோடு நீந்த முடியாமல் பின்தங்கிய ஒன்றைச் சீலா மீன் கவ்விக்கொண்டு போனது.

அந்தக் குஞ்சின் தாய்க்குத்தான் முதலில் புரிந்தது. மாந்தல் மணலில் புதைந்து எழும்போதெல்லாம் புழுக்கள் வெளியே வந்தன. அவற்றைத்தான் இத்தனை நாளும் காரல்கள் எல்லாம் தின்றன.

காரல்கள் அதைத் தேடிப் போயின. ஆனால் மாந்தல் கிடக்கும் இடத்தின் நிறமே அதன் நிறம். எங்கே பார்த்தாலும் மணல்தான் தெரிந்தது. முதலில் கண்டுபிடிப்போம், நன்றி சொல்வதெல்லாம் பிறகு என்றது தலைவன்.

"எங்கே இருக்குன்னு தெரிஞ்சாத்தான் நன்றி சொல்லணுமா?" என்றது தாய்.

அது தாழ இறங்கியது. வெறும் மணலிடம் சொன்னது. சிப்பித் துண்டிடமும், மக்கிய பாசியிடமும் அதையே சொன்னது. "உன்னாலதான் சாப்பிட்டோம், அக்கா. மிச்சமிருக்கிற பிள்ளைங்க உன்னாலதான் வளர்ந்துச்சு."

மற்றக் காரல்கள் கூச்சத்தோடு பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தலை தாழ்த்தின. கடைசியாகத் தலைவனும்.

அப்போது ஓரிடத்தில் மணல் இரண்டு கண்களைத் திறந்தது.

"போதும் தாயி, மணலே வெட்கப்படுது!" என்று மாந்தல் உடம்பை உதறியது. கலங்கிய நீரில் புழுக்கள் நெளிந்தன. குஞ்சுகள் பாய்ந்தன.

தாய் மட்டும் நின்றது. "நீ முதல்ல சாப்பிடு, அக்கா."

யாருடைய உழைப்பால் உண்கிறோம் என்று அறியாதவர்கள், தங்களைத் தாங்கும் தரை முழுவதற்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.