முழக்கன் போட்ட வெள்ளை உரம்

காட்டோரக் குளத்தங்கரையில் முழக்கன் என்ற கழுதையும் சிலுப்பி என்ற வெள்ளாடும் குதிரைமசால் என்ற தீவனப் பயிரை விதைத்தன. கோடையில் அங்கே வேறு பசுந்தீவனம் கிடைக்காது. சிலுப்பிக்குப் பால்குடிக் குட்டிகள் இரண்டு. முழக்கனுக்குப் பெரிய வயிறு ஒன்று.

"இது குதிரைமசால். குதிரை எனக்குப் பெரியப்பா மகன். அதனால தோட்டம் முழுக்க என்னுது," என்றது முழக்கன்.

"அப்போ அவரே வந்து களை எடுக்கட்டும்," என்றது சிலுப்பி.

முழக்கன் சற்று யோசித்துவிட்டு, பாதிப் பாதிக்குச் சம்மதித்தது.

விதை முளைத்த சமயத்தில், காட்டுப் பாதையில் போன வண்டியிலிருந்து ஒரு யூரியா மூட்டை விழுந்தது. முழக்கன் அதைப் பல்லால் கவ்வி இழுத்து வந்து, தன் பாதியில் அள்ளி அள்ளித் தூவியது. சிலுப்பியோ காய்ந்த எலும்புகளைக் குளம்பால் இடித்துத் தூளாக்கி, மக்கிய சாணத்தோடு கலந்து போட்டது.

"பயிருக்கு எலும்பா? அது என்ன நாயா?" என்று கேட்டு, முழக்கன் மண்ணில் புரண்டு சிரித்தது.

பத்தே நாளில் முழக்கனின் பாதி கரும்பச்சையானது. பார்க்க வந்த மயில்களுக்கும் முயல்களுக்கும் முழக்கன் சொற்பொழிவு ஆற்றியது. சொற்பொழிவு முடிந்தபோது ஒருவரும் அங்கே இல்லை.

சிலுப்பியின் பாதி சோகையாகத்தான் நின்றது. சிலுப்பி தன் குட்டிகளைப் பார்த்தது. பிறகு நெளியன் என்ற மண்புழுவிடம் மெதுவாகக் கேட்டது. "நான் தப்புப் பண்ணிட்டேனா?"

"பொறுத்திரு. கீழே வேலை நடக்குது," என்றது நெளியன்.

அப்புறம் மழை பிடித்தது. ஒரு வாரம் விடாமல் பெய்தது. யூரியா கரைந்து ஓடிவிட்டது, மூட்டையும் காலி. முழக்கன் பாதியில் பச்சையாக நின்றதெல்லாம் கோரைப்புல். மசால் மட்டும் மஞ்சளடித்துக் கிடந்தது. பக்கத்துப் பாதியில் மசால் தழைத்துச் சிலுப்பியின் காதை உரசியது.

முழக்கன் பதறிப்போய் நெளியனைக் கூப்பிட்டது. நெளியன் வேருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

"உன் செடி வேர்ல முடிச்சே இல்லை. அந்த முடிச்சுக்குள்ளதான் கண்ணுக்குத் தெரியாத சமையல்காரங்க இருப்பாங்க. காத்தைப் பிடிச்சு செடிக்குச் சோறாக்கித் தருவாங்க."

"ஏன் இல்லை?"

"நீதான் சோத்தைப் பார்சல் பார்சலா அனுப்புனியே. செடி சமையல்கட்டே கட்டலை. சிலுப்பி சோறு அனுப்பலை. அடுப்புக்கு விறகு அனுப்புச்சு. எலும்புத்தூள்தான் அந்த விறகு."

முழக்கன் வாயை மண்ணில் வைத்து, "சமையல்காரரே, வாங்க!" என்று கத்தியது.

"அவங்களுக்குக் காது கிடையாது. எனக்கும் கிடையாது. ஆனாலும் வலிக்குது," என்றது நெளியன்.

கோடை வந்தது. சிலுப்பி மேய மேய மசால் மறுபடி துளிர்த்தது. பால் குடித்த குட்டிகள் பாறைக்குப் பாறை தாவின. முழக்கன் வரப்பில் நின்று எச்சில் விழுங்கியது. கேட்க வெட்கமாக இருந்தது.

சிலுப்பியே ஒரு வாய் தழையை அதன் முன்னே போட்டது. "இதைத் தின்னு. அப்புறம் கோரையைப் பிடுங்கிட்டுப் புதுசா விதை. என் பாதியிலிருந்து ஒரு கூடை மண் எடுத்துக்கோ. சமையல்காரங்க அதுல இருக்காங்க. எலும்பை மட்டும் நீயே இடிச்சுக்கணும்."

முழக்கன் இடித்தது. நான்கு குளம்பும் நொந்துபோயின. விதைத்த பிறகு தினமும் காலையில் நெளியனைக் கீழே அனுப்பியது. இருபத்தைந்தாம் நாள் நெளியன் தலையை நீட்டி, "கடுகளவு ஒரு முடிச்சு வந்திருக்கு," என்றது.

முழக்கனுக்குக் கண் கலங்கியது. "அதுக்கு ஒரு பேர் வைக்கலாமா?" என்று கேட்டது.

என்ன குறை என்று கேட்காமல் அள்ளிக் கொட்டும் உதவி, கொடுப்பவருக்குப் பெருமையையும் வாங்குபவருக்குச் சோம்பலையும்தான் வளர்க்கும்.