எபிசு சாமியின் பின்பக்கச் சுவர்

இந்தக் கதையை நான் ஜப்பானில் கேட்கவில்லை. நான் அங்கே போனதும் இல்லை. ஒசாகாவில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துத் திரும்பிய பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது. அவருக்கு அங்கே உடன் வேலை செய்த ஒருவர் சொன்னாராம். இரண்டு வாய் மாறி வந்த கதை. பிசகு இருந்தால் அது என்னுடையதாகவும் இருக்கலாம்.

அந்தக் காலத்தில் பறவைகளும் மனிதர்களோடு வாய்ச்சண்டை போடும். ஜப்பானின் கடலோரத்தில் ஒரு மீனவர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு எல்லாமே கரையோரமாக இருந்த கோயில்தான். புதுப் படகு அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கும். வலைச் சண்டையை அங்கேதான் பேசித் தீர்ப்பார்கள். கோயிலில் பல சாமிகள் இருந்தார்கள். அவர்களில் மீனவர்களுக்கு உரியவர் எபிசு. கையில் தூண்டில், எப்போதும் சிரித்த முகம். காது மட்டும் மந்தம். அது ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

ஆண்டுதோறும் பத்தாம் மாதம் நாட்டிலுள்ள சாமிகள் எல்லாரும் இசுமோ என்ற ஊரில் கூடுவார்கள். கூட்டத்துக்கு அழைக்கும் முரசு எபிசுவின் காதில் விழாது. அதனால் அவர் மட்டும் பின்பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கோயிலிலேயே தூங்கிக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு பத்தாம் மாதத்தில், நண்பகலில், புயல் எழுந்தது. மீனவன் கன்பெயின் மனைவி இசோ காயவைத்த மீனை அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு நீர்க்காகம் வந்து பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தது. தினமும் அவளுடைய மீனைத் திருடி, தினமும் கல்லடி வாங்கும் பறவை அது.

"வந்துட்டியா திருட்டு முண்டம்!" என்று இசோ கல்லை எடுத்தாள்.

"கல்லைக் கீழே போடு. இன்னைக்குத் திருட வரலை. உன் வீட்டுக்காரன் படகுல பாய்மரம் ஒடிஞ்சு போச்சு. அலை அவனை ஆழக்கடலுக்கு இழுத்துக்கிட்டுப் போகுது."

"பொய் சொல்றே."

"அவன் போயிட்டா நான் யாருகிட்ட திருடுறது? நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

இசோ கல்லைப் போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள். படியில் நின்று, தலை குனிந்து, வழக்கப்படி மெல்லிய குரலில் வேண்டினாள். சாமி முன் குரலை உயர்த்துவது அந்த ஊரில் பெரிய குற்றம். பதில் இல்லை. மறுபடி வேண்டினாள். உள்ளே இருந்து குறட்டைதான் கேட்டது.

பூசாரி ஓடி வந்தார். "இசோ, இப்ப சாமிங்க யாரும் ஊர்ல இல்லைம்மா. இருக்கறவர் ஒருத்தர். அவரும் தூங்குறார். இன்னும் பத்து நாள் பொறு, எல்லாரும் திரும்பிடுவாங்க."

"பத்து நாள் அவர் தண்ணியில மிதப்பாரா, பூசாரி ஐயா?"

இசோ கோயிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். பின்னால் யாரும் போகக் கூடாது என்பது இன்னொரு கட்டுப்பாடு.

"ஏய்! ஊர்ல மிச்சம் இருக்கறது இந்த ஒரு சாமி. கோவிச்சுக்கிட்டு அவரும் கிளம்பிட்டா ஊர் கதி என்ன?" என்று பூசாரி பின்னாலேயே ஓடினார்.

"கிளம்பினாலாவது எழுந்திரிச்சார்னு அர்த்தம்!" என்று கூரையிலிருந்து நீர்க்காகம் சொன்னது.

இசோ இரண்டு கைகளையும் முஷ்டியாக்கி மரச்சுவரில் ஓங்கி அடித்தாள். தம், தம், தம். கோயில் முழுவதும் அதிர்ந்தது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டார்.

காதுக்கு எட்டாதது முதுகுக்கு எட்டிவிட்டது. குறட்டை நின்றது.

"யாரது, முதுகைத் தட்டுறது?" என்றபடி எபிசு கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். இசோ கத்தினாள். அவர் காதில் கை வைத்துச் சிரித்தார். அவள் கடலைக் காட்டினாள். தூரத்தில் ஒரு கரும்புள்ளி ஏறி இறங்கியது.

"அடேயப்பா, எவ்வளவு பெரிய மீன்!" என்று தூண்டிலை வீசினார் எபிசு. முள் போய்ப் படகின் மூக்கில் மாட்டியது. காலைப் பாறையில் ஊன்றி இழுத்தார். அலைகளைப் பிளந்துகொண்டு படகு மணலில் வந்து மோதியது. கன்பெய் தண்ணீரைக் கக்கிக்கொண்டே உருண்டு விழுந்தான்.

எபிசு குனிந்து பார்த்தார். "சே, மனுஷன்!"

இசோ ஓடிப்போய்க் கணவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பூசாரி சாமியின் காலில் விழுந்து, "இந்தப் பொம்பளையை மன்னிக்கணும், சாமி" என்று முணுமுணுத்தார்.

"என்ன? உரக்கச் சொல்லு!"

பூசாரி வாழ்நாளில் முதல் தடவையாகச் சாமி முன் கத்தினார். "உங்களைத் தட்டினதுக்கு மன்னிக்கணும்!"

"மன்னிக்கவா? இத்தனை வருஷமா எல்லாரும் முன்னால வந்து நின்னு உதட்டை அசைச்சுட்டுப் போறீங்க. எனக்கு நன்றி சொல்றீங்கன்னு இல்ல நினைச்சேன்! குறை இருந்தா பின்னால வந்து தட்டுங்கடா."

அவர் மறுபடி போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். ஓடி வந்து கூடிய ஊரார் கன்பெயை வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள். கூட்டம் கலைந்ததும், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முதலில் பின்பக்கம் போய்த் தட்டியவர் பூசாரி. அவருக்குப் பல நாளாக இடுப்புவலி.

மற்ற சாமிகளை முன்னால் நின்று வணங்குகிறவர்கள் எபிசுவிடம் மட்டும் கோயிலைச் சுற்றிப் பின்னால் போய்த் தட்டுவது அன்று தொடங்கியதுதான்.

பிறகு நான் தேடிப் பார்த்தேன். ஒசாகாவில் எபிசுவுக்குப் பெரிய கோயில் இருக்கிறது. ஜனவரி பத்தாம் தேதியை ஒட்டி நடக்கும் அதன் திருவிழாவுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் வருகிறார்கள். பின்பக்கம் போய்த் தட்டி வேண்டுவதும் உண்மை. சாமிக்குக் காது மந்தம் என்பதுதான் அங்கே சொல்லப்படும் காரணம். இசோவின் பெயரை மட்டும் நான் எங்கும் காணவில்லை.