தாமரை இலை கேட்ட பெயர்கள்

காட்டுக்குள் ஒரு குளம். குளக்கரையில் ஒரு பொதுப் பள்ளிக்கூடம். மான், பன்றி, முயல், குரங்கு என்று எந்த வீட்டுப் பிள்ளை வந்தாலும் அங்கே சேர்த்துக்கொள்வார்கள். கொம்பு உண்டா, வால் எவ்வளவு நீளம் என்றெல்லாம் கேட்க மாட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டுவது மஞ்சமூக்கி என்ற மைனாவின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் தானே எடுத்துக்கொண்டது.

"புங்க மரத்தடி மான்களுக்கு! சேத்துப் பள்ளம் பன்றிகளுக்கு! ஆவாரம்புதர் முயல்களுக்கு! மேல்கிளை குரங்குகளுக்கு! அவங்கவங்க இடத்துல அவங்கவங்க. இதுவரைக்கும் ஒரு சண்டை வந்ததில்லை!" என்று பெருமையாகச் சொல்லும்.

சண்டை வந்ததில்லை என்பது உண்மைதான். ஒருவரோடு ஒருவர் பேசினால்தானே சண்டை வருவதற்கு!

தலைமையாசிரியர் ஓர் எருமை. காலையில் மணி அடித்ததும், "மான்கள்?" என்று கேட்பார். மூத்த மான், "எல்லாரும் வந்தாச்சு ஐயா!" என்று சொல்லும். "பன்றிகள்?" என்பார். "வந்தாச்சு ஐயா!" அவ்வளவுதான். ஐயா அசைபோட ஆரம்பித்துவிடுவார்.

அந்த ஐப்பசியில் அடைமழை கொட்டியது. ஆறு கரையை உடைத்துக்கொண்டு குளத்தில் கலந்தது. மழை விட்ட காலையில் குளத்தின்மேல் மூடுபனி படர்ந்திருந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. தவளைகள்கூடக் கத்தவில்லை.

மஞ்சமூக்கி கரையோர நாணலில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. அப்போது பெரிய தாமரை இலை ஒன்று அதை நோக்கி நகர்ந்து வந்தது. காற்றே இல்லை. ஆனாலும் நகர்ந்து வந்தது.

"தங்கச்சி!" என்றது இலைக்கடியிலிருந்து ஒரு குரல். மிகவும் மென்மையான குரல். "நான் வெள்ளத்துல வந்தவன். இந்தப் பள்ளிக்கூடத்துல சேரணும். கொஞ்சம் சுத்திக் காட்டுறியா?"

"அதுக்கென்ன, காட்டுறேன்! முதல்ல வெளிய வா, முகத்தைப் பார்ப்போம்!"

"எனக்கு வெயில் ஆகாது, தங்கச்சி."

வெயில் எங்கே இருந்தது? ஆனால் சொல்வதைக் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் மஞ்சமூக்கிக்கு அது உறைக்கவில்லை. நாணலுக்கு நாணல் தாவிக்கொண்டே பேசியது. இலையும் கூடவே கரையை ஒட்டி வந்தது.

"அதோ, மான்கள் இடம்! அதுல பொட்டுன்னு ஒரு குட்டி. ஒரு இடத்துல நிக்காது. இது பன்றிகள் இடம். உருண்டைன்னு ஒருத்தன் இருக்கான், சரியான சாப்பாட்டு ராமன். அங்க முயல்கள். தும்பைன்னு ஒரு வெள்ளைக் குட்டி. அவ என் உயிர்த்தோழி!"

"பொட்டு, உருண்டை, தும்பை" என்று இலை மெதுவாகச் சொல்லிப் பார்த்தது. "ஏன் தங்கச்சி, மான் குட்டி ஒருநாள் வரலைன்னா பன்றிங்க கேட்குமா?"

"அதுங்க எதுக்குக் கேட்கணும்? அவங்கவங்க பாடு அவங்கவங்களுக்கு!"

"ஆகா! எவ்வளவு நல்ல பள்ளிக்கூடம்!"

இலைக்கடியில் தண்ணீர் குமிழ் விட்டது. பிறகு இலை பனிக்குள் போய் மறைந்தது.

இரண்டு நாள் கழித்துப் புங்க மரத்தடியில் பொட்டுவின் இடம் காலியாக இருந்தது. எருமை ஐயா, "மான்கள்?" என்று கேட்டார். மூத்த மான் தலை குனிந்துகொண்டே, "எல்லாரும் வந்தாச்சு ஐயா!" என்றது.

மஞ்சமூக்கி திடுக்கிட்டது. அடுத்த நாள் சேற்றுப் பள்ளத்தில் உருண்டையைக் காணவில்லை. அங்கேயும், "வந்தாச்சு ஐயா!" என்றுதான் சத்தம் வந்தது.

மஞ்சமூக்கி பறந்துபோய்ப் பொட்டுவின் அம்மாவைப் பார்த்தது. "அக்கா, பொட்டு எங்கே?"

அம்மா மான் அக்கம்பக்கம் பார்த்தது. "சத்தம் போடாதே! குளத்துப் பக்கமிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. தெரிஞ்சவங்கன்னு நினைச்சு ஓடினான். திரும்பி வரலை. எல்லாம் அந்தப் பன்றிங்க வேலையா இருக்கும். வெளிய சொல்லிடாதே, எங்க வீட்டு மானம் போயிடும்!" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு அழுதது.

உருண்டையின் அம்மாவும் அதையே சொன்னது. "பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. அந்த மானுங்கதான்! வெளிய சொல்லாதே!"

மஞ்சமூக்கியின் இறகெல்லாம் சிலிர்த்தது. அந்தப் பெயர்களை வெளியாள் ஒருவனுக்குச் சொன்னது யார்? அது நேரே குளத்துக்குப் பறந்தது. பனிக்குள் இலை காத்துக்கொண்டிருந்தது.

"வா தங்கச்சி. நாளைக்குக் காலையில ஆவாரம்புதர்ப் பக்கம் போகலாம்னு இருக்கேன். தும்பைதானே அவ பேரு?"

இலை கொஞ்சம் உயர்ந்தது. அடியில் இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன. அவற்றுக்கு முன்னால் நீண்டுகொண்டே போனது ஒரு முகம். அதன் பல்லிடுக்கில் புள்ளி போட்ட தோல் ஒன்று மாட்டியிருந்தது. முதலை!

"யார்கிட்டயும் சொல்ல மாட்டே" என்றது முதலை, அதே மென்மையோடு. "சொன்னா, பேரைக் கொடுத்தது நீதான்னு தெரிஞ்சுடுமே!"

அது சொன்னது நிஜம். விஷயம் தெரிந்தால் பள்ளியை விட்டே துரத்திவிடுவார்கள். மஞ்சமூக்கி ஓர் ஆலமரப் பொந்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. கீழே தும்பை, "மஞ்சமூக்கி! விளையாட வாயேன்!" என்று கூப்பிட்டது. அந்தக் குரலைக் கேட்டதும் மைனாவால் அதற்குமேல் ஒளிந்திருக்க முடியவில்லை. குளத்தில் இலை கண்ணுக்கெட்டாத தூரம் போயிருந்தது. மஞ்சமூக்கி எருமை ஐயாவின் கொம்பில் போய் உட்கார்ந்து, தொண்டை கிழியக் கத்தியது.

"எல்லாரும் வாங்க! குளத்துல முதலை! பொட்டுவையும் உருண்டையையும் அதுதான் தின்னுச்சு! பேரைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்! என்னை என்ன வேணா பண்ணுங்க, தும்பையை மட்டும் காப்பாத்துங்க!"

மரத்தடியிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் கிளையிலிருந்தும் எல்லாரும் வந்தார்கள். அந்தப் பள்ளியில் எல்லாரும் ஒரே இடத்தில் நின்றது அன்றுதான் முதல்முறை.

"நாங்க உங்களையில்ல சந்தேகப்பட்டோம்!" என்றது அம்மா மான்.

"நாங்க உங்களை!" என்றது அம்மா பன்றி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து ஓவென்று அழுதன.

எருமை ஐயா அசைபோடுவதை நிறுத்தினார். "நானும்தான் குத்தவாளி. ஆளைப் பார்க்காம ஆஜர் எடுத்தேன்" என்றார். பிறகு எல்லாரையும் அருகில் அழைத்து மெதுவாக ஏதோ சொன்னார்.

மறுநாள் காலை. அதே மூடுபனி. ஆவாரம்புதர் ஓரம் தாமரை இலை வந்து நின்றது.

"தும்பை!" என்று மென்மையாகக் கூப்பிட்டது.

"உள்ளேன் ஐயா!" என்றது பனிக்குள்ளிருந்து ஒரு மான்.

இலை அசையாமல் நின்றது. மறுபடியும், "தும்பை!" என்றது.

"உள்ளேன் ஐயா!" என்றது பின்னாலிருந்து ஒரு பன்றி.

"உள்ளேன் ஐயா!" என்றது தலைக்குமேலே ஒரு குரங்கு. அப்புறம் குளத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் அதே குரல். கட்டைக் குரல், கீச்சுக் குரல், தாய்மார்களின் உடைந்த குரல். பனியில் ஒரு முகமும் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த முதலைக்குப் பயம் வந்தது.

"தும்பைன்னு... எத்தனை பேர்?" என்று கேட்டது.

"நாங்க எல்லாருமே!" என்றார் எருமை ஐயா. கொம்பைத் தாழ்த்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கிளைகளிலிருந்து கல் மழை பொழிந்தது. பன்றிகள் கரையை அதிர வைத்தன. முதலை இலையை அப்படியே விட்டுவிட்டு, வெள்ளம் உடைத்த கரை வழியாக ஆற்றுக்குள் ஓடி மறைந்தது.

மஞ்சமூக்கியை யாரும் துரத்தவில்லை. ஆனால் பொட்டுவின் அம்மா அன்றைக்கு அதனிடம் பேசவில்லை; அதற்குப் பிறகும் வெகுநாள் பேசவில்லை.

இப்போது அந்தப் பள்ளியில் ஆஜர் எடுக்கும் முறை வேறு. முயலின் பெயரைக் கூப்பிட்டால் பன்றி சொல்ல வேண்டும். பன்றியின் பெயருக்குக் குரங்கு சொல்ல வேண்டும். பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "இருக்கான் ஐயா!" என்று சொல்ல வேண்டும்.

கடைசியில் எருமை ஐயா, "பொட்டு, உருண்டை" என்று கூப்பிடுவார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். எல்லாரும் குளத்தையே பார்ப்பார்கள். காற்றே இல்லாத காலையிலும் அங்கே ஒரு தாமரை இலை லேசாக அசையும்.

பக்கத்து இடம் காலியானபோது ஏன் என்று கேட்காத கூட்டத்தில், நம் இடம் காலியாகும்போது கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.