வெறும் கொம்பும் பசித்த ஒண்டியும்

உடம்புக்குள் இருக்கும் அணுக்களுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், உப்பளத்தில் வேலை செய்த தங்கப்பழத்தின் கழுத்துக்குள் ஓர் ஊர் இருந்தது. நெறி கட்டுகிறது என்கிறோமே, அந்த இடம்தான். வெள்ளணுக்கள் அங்கே குடியிருந்தன.

அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கொம்பு நட்டிருக்கும். உள்ளே எதைச் சமைத்தாலும் அதில் ஒரு கிள்ளு எடுத்துக் கொம்பில் தொங்கவிட வேண்டும். காவல்காரன் சடையன் வந்து முகர்ந்து பார்ப்பான். நம் சமையல் என்றால் போய்விடுவான். வேற்றுச் சமையல் என்றால் வீட்டையே இடித்துவிடுவான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. முன்பொரு தடவை காவல்காரர்களுக்கு வெறி தலைக்கேறி, ஒரு பாவமும் அறியாத வீடுகளையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். அதனால், வீட்டுக்காரர் தன் தோளில் கை வைத்தால், காவல்காரன் கோபத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தது. நல்ல எண்ணத்தில் செய்த முடிவுதான்.

அந்த ஊரில் வெள்ளாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். இரக்க குணம். ஒரு நாள், யாரோ குடித்து வைத்த குவளையின் எச்சிலோடு வந்த ஒரு பொடிக் கிருமி அவள் கதவைத் தட்டியது.

"ஆத்தா, ஒரு மூலையில முடங்கிக்கிடுதேன். சத்தமே போட மாட்டேன்."

உள்ளே விட்டாள். மூலையில் கிடந்தது கொஞ்ச காலம்தான். பிறகு அடுப்படிக்கு வந்து தன் சமையலை ஆரம்பித்துவிட்டது. வெள்ளாத்தாள் பயந்துபோனாள். இதைத் தொங்கவிட்டால் சடையன் வீட்டை இடித்துவிடுவானே!

"அதுக்கு ஏன் பயப்படுதிய? எதையுமே தொங்கவிடாதிய. அவன் கேட்டா தோள்ல கைய வைங்க. நான் உள்ள இருக்க வரைக்கும் உங்களுக்குச் சாவே வராது" என்றது கிருமி.

சாவு வராது என்றதும் மயங்கிவிட்டாள், பாவி. கொம்பில் இருந்ததை எல்லாம் பிடுங்கி எறிந்தாள்.

சடையன் வந்தான். "என்ன வெள்ளாத்தா, கொம்பு காலியாக் கெடக்கு?"

"அடுப்பே பத்த வைக்கல அண்ணாச்சி" என்று அவன் தோளில் கையை வைத்தாள். வழக்கம் வழக்கம்தானே. அவன் நகர்ந்துவிட்டான்.

அப்புறம் என்ன, அவளுக்குப் பிள்ளைகள் பெருகினார்கள்; ஆளுக்கொரு வீடு கட்டி, ஆளுக்கொரு கிருமியை வைத்துக்கொண்டு, ஆத்தாள் வழியிலேயே நடந்தார்கள். தெரு முழுக்க வெறும் கொம்புகள். ஊர் வீங்கியது, வெளியே தங்கப்பழத்தின் கழுத்தும் வீங்கியது. காய்ச்சல், வியர்வை, சோறு இறங்கவில்லை. தங்கப்பழம் செத்துப்போனால் ஊரும் சேர்ந்து போகும். சடையனுக்கு இது தெரிந்தும், போன வாசலில் எல்லாம் தோளில் ஒரு கை விழுந்தது.

ஒண்டி என்று வேறொரு காவல்காரன் இருந்தான். தீனிப்பண்டாரம். நம் சமையல், வேற்றுச் சமையல் எதுவும் அவனுக்குத் தெரியாது. கொம்பில் தொங்குவதைக் கொறித்துக்கொண்டே போவான், அவ்வளவுதான். அவன் பசியோடு அந்தத் தெருவுக்குள் நுழைந்தான். முதல் கொம்பு காலி. அடுத்ததும் காலி. வெள்ளாத்தாளின் வாசலுக்கு வந்தபோது அவன் கண் சிவந்துவிட்டது.

"ஒரு கிள்ளு வைக்கக்கூட ஒனக்கு மனசு வரலியா?"

அவள் அவசரமாகத் தோளில் கை வைத்தாள்.

"கைய வச்சா வயிறு ரொம்பிருமா?" என்று கதவை ஒரே உதையில் உடைத்தான். வெள்ளாத்தாளும் கிருமியும் அந்த இடத்திலேயே முடிந்தார்கள். தெருவில் வெறும் கொம்பு நின்ற வீடெல்லாம் விழுந்தது.

தங்கப்பழம் கண் விழித்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "ஏங்க, நெறி கரைஞ்சிட்டு! கஞ்சி இருந்தா ஊத்துங்க" என்றாள். அவள் புருஷன் அழுதுகொண்டே ஊற்றினான். அப்பாடா! சொல்கிற எனக்கே இப்போதுதான் மூச்சு வந்தது.

வெள்ளாத்தாளின் கடைசி மகள் மட்டும் கெட்டிக்காரி. ஒண்டி வருவதற்குள் நம் சமையலில் காய்ந்த ஒரு துணுக்கைக் கொம்பில் மாட்டித் தப்பிவிட்டாள். அவள் வீட்டுக் கிருமியும் சமையலை விட்டு மூலையில் சத்தமில்லாமல் முடங்கிக்கொண்டது. அவள் வம்சம் இன்னும் அங்கங்கே உண்டு.

ஆனாலும் சடையன் முகர்ந்து போன தெருவில் பின்னாலேயே ஒண்டியும் பசியோடு வருவது அன்றைக்குத் தொடங்கியதுதான். அந்தக் கிருமி நம்மில் பெரும்பாலோருக்குள் குடியிருந்தும், காலையில் எழுந்து நாம் கஞ்சி குடிப்பது அதனால்தான்.