கூடையும் இரட்டைப் பையும்

“அவளுக்கு மட்டும் ஏன் கூடை?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

பவளம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“எந்தக் கூடை?”

“குணவதி சைக்கிள்ல முன்னால கட்டிவிட்டீங்களே, அந்தப் பிரம்புக் கூடை.”

“அதுவா? அவ கேட்டா. கட்டிவிட்டேன்.”

தென்காசிப் பக்கம், மலையடிவாரத்தில் இருந்தது பவளம்மாவின் குடில். சீடர்கள் ஆறு பேர். காலையில் தியானம். அது முடிந்ததும் அவரவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாலு மைல் தள்ளி டவுனுக்கு வேலைக்குப் போவார்கள். திரும்பும்போது குடிலுக்கு வேண்டிய காய்கறி, பலசரக்கை வாங்கி வருவார்கள்.

ஆவுடையப்பன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஐம்பத்திரண்டு வயது. குருவைவிடப் பத்து வயது மூத்தவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் குடிலுக்கு முதன்முதலாக வந்து சேர்ந்த சீடர் அவர்தான்.

குணவதி ஆஸ்பத்திரி நர்ஸ். வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

“எனக்கு யாரும் எதையும் கட்டிவிடலை,” என்றார் ஆவுடையப்பன். “நாலு கடை ஏறி இறங்கி நானேதான் வாங்கினேன். கேரியருக்கு ரெண்டு பக்கமும் தொங்குற ரெக்சின் பை. மழைத்தண்ணி இறங்காது. வலது பக்கம் சாப்பாடு, குடை, புரூஃப் கட்டு. இடது பக்கம் காய்கறி. தக்காளி நசுங்கக் கூடாதுன்னு நடுவுல ஒரு அட்டைகூட வச்சிருக்கேன். உங்ககிட்ட கொண்டாந்து காட்டினேன். ‘நல்லாருக்கு’ன்னீங்க. அவ்வளவுதான்.”

“நல்லாத்தானே இருந்துச்சு?”

“அவளுக்கு மட்டும் பக்கத்துல உட்கார்ந்து, உங்க கையால கம்பி முறுக்கினீங்க.”

பவளம்மா துருவுவதை நிறுத்தினார்.

“தியானத்துல கண்ணை மூடினா அந்தக் கூடைதான் தெரியுது,” என்றார் ஆவுடையப்பன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

“உங்களுக்கு வேண்டியது கூடையா, கம்பி முறுக்குறதா?”

ஆவுடையப்பன் எழுந்து வெளியே போனார்.

அன்று சாயங்காலமே பவளம்மா முற்றத்தில் உட்கார்ந்து கூடையை அவிழ்த்தார். அதை ஆவுடையப்பனின் ஹேண்டில்பாரில் வைத்துத் தன் கையாலேயே கம்பி முறுக்கினார். ரெக்சின் பை குணவதியின் கேரியருக்குப் போனது.

“ஒரு வாரம் மாத்தி ஓட்டுங்க,” என்றார்.

“எனக்கு எதுன்னாலும் சரிதான் அண்ணாச்சி,” என்று சிரித்தாள் குணவதி.

அந்தச் சிரிப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை கூடை முன்னால் ஆட ஆட அவர் புறப்பட்டார். ரயில்வே கேட் பக்கத்தில் பூக்கட்டும் பெண் ஒருத்தி தூக்குவாளியுடன் ஓடி வந்தாள். கூடையில் வைக்கப் போனவள், முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

“அக்கா வரலியா அண்ணாச்சி?”

“பின்னால வர்றா. என்ன அது?”

“வீட்டுக்காரருக்குக் கஞ்சி. ஆஸ்பத்திரியில கெடக்காரு.”

“வையேன். கொண்டுபோய்க் குடுக்கேன்.”

“இல்ல அண்ணாச்சி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? அக்கா வரட்டும்.”

பஜார் முக்கில் தையல்காரர் கூடையைப் பார்த்து எழுந்தார். ஆளைப் பார்த்து உட்கார்ந்தார்.

வழி நெடுக அப்படித்தான் இருந்தது.

சாயங்காலம் அவர் திரும்பியபோது கூடையில் அரைக்கிலோ அவரைக்காயும் நாலு முருங்கைக்காயும் இருந்தன. நடுவழியில் தூறல் பிடித்துப் புரூஃப் கட்டு ஊறிப்போயிருந்தது.

குணவதி வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. பையின் ஜிப் இரண்டு பக்கமும் மூட முடியாமல் பிளந்து கிடந்தது. ஒரு பக்கம் கீரைக்கட்டும் சேப்பங்கிழங்கும், காலையில் அவர் பார்த்த அதே தூக்குவாளியும், இப்போது காலியாக. மறுபக்கம் யாருக்கோ தைத்து வாங்கிய சட்டை, யாருக்கோ மருந்து, தைக்கக் கொடுத்த ஒற்றைச் செருப்பு.

“நடுவுல இருந்த அட்டை?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“பரீட்சை எழுத அட்டை இல்லைன்னு ரயில்வே கேட்காரர் வீட்டுப் பொண்ணு நின்னா. குடுத்துட்டேன். வேற வாங்கித் தாரேன் அண்ணாச்சி.” பிறகு கண் விரியச் சொன்னாள்: “உங்க பை ரொம்ப நல்ல பை. எவ்வளவு கொள்ளுது!”

அவர் பையைப் பார்க்காமல் உள்ளே போனார்.

மறுநாள் காலை தியானத்துக்கு அவர் வரவில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகு வேட்டி சட்டைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு பவளம்மா முன்னால் வந்து நின்றார்.

“என் பையைத் திருப்பித் தரச் சொல்லுங்க. நான் ஊருக்குப் போறேன்.”

“ஏன்?”

“கூடை வச்சிருந்தாலும் அவளைத்தான் தேடுறாங்க. பை வச்சிருந்தாலும் அவளைத்தான் தேடுறாங்க. என்னை நம்பி ஒருத்தரும் ஒரு துரும்பைத் தரலை.” மூட்டையைக் கீழே போட்டார். “அவளுக்கு வேற என்னமோ குடுத்திருக்கீங்க அம்மா. எனக்கு அதைக் குடுக்கலை. பதினோரு வருஷம் காத்துக்கெடந்தேன்.”

பவளம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். ஒரு பக்கக் காம்பு ஒடிந்து, நூல் சுற்றியிருந்தது.

“உங்க அச்சகத்துக்கு அடுத்த கடைதானே கண்ணாடிக்கடை? போறப்ப இதைச் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க.”

“அதையும் அவகிட்டயே குடுங்க!”

“அவகிட்டக் குடுத்தா சாயங்காலமே சரியாகி வந்துடும். உங்ககிட்டக் குடுக்கணும்னுதான் ஆடி மாசத்துலேருந்து நூல் சுத்திப் போட்டுக்கிட்டிருக்கேன்.”

இது ஐப்பசி. ஆவுடையப்பன் கண்ணாடியைக் கையில் வாங்கினார். நூல் அழுக்கேறிக் கறுத்திருந்தது. ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் அவருடையது. தினமும் எதிரில் உட்கார்ந்து பார்த்த முகம்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா.”

“ரெண்டு தடவை சொன்னேன்,” என்றார் பவளம்மா. “நீங்க பையைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க.”