பின்சீட்டில் அமர்ந்த குரு

மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஆசிரமம். அதை நடத்தியவர் தவமணி அம்மா. நாற்பது வயதுதான் அவருக்கு. அவருடைய சீடர் திருமேனிக்கோ அறுபது தாண்டிவிட்டது. டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு ஒருநாள் ஆசிரமத்து வாசலில் வந்து நின்றார்.

"எனக்குத் தியானமெல்லாம் வராதும்மா. ஏதாவது வேலை கொடுங்க."

அம்மா உள்ளே போய் கார் சாவியை எடுத்துவந்து கொடுத்தார்.

அன்பர் ஒருவர் ஆசிரமத்துக்கு விட்டுப்போன கார் அது. திருமேனி அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் சாலையில் ஓடிய மாடல். உருண்டையான முகப்பு, மெத்து மெத்தென்ற பின்சீட்டு. அதில் மலைமேல் ஊர்களின் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றிக்கொண்டு கீழே அரசு ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவார். இலவசம்தான். இறங்குகிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கொஞ்ச நாளில் திருமேனிக்கு முகம் தெளிந்தது. சாப்பாடு இறங்கியது.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் இன்ஜின் பக்கம் 'டக் டக்' என்று ஒரு சத்தம் வரும். வண்டி சூடானால் அடங்கிவிடும். வயசான வண்டி முனகத்தானே செய்யும் என்று அவர் விட்டுவிட்டார்.

ஒருநாள் மதியம் கோபமாகத் திரும்பி வந்தார்.

"நன்றிகெட்ட ஜனங்கம்மா."

"யாரு?"

"மேலூர் பூங்காவனம். முழங்கால் வலின்னு வாரா வாரம் ஏத்திட்டுப் போறேன். இன்னைக்குப் பாதி வழியில, 'உன் வண்டி குடலைப் புரட்டுது, இதுல வர்றதுக்கு நடந்தே செத்துப்போவேன்'னு கத்துறா. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கிட்டே வந்தா."

"மத்தவங்க என்ன சொன்னாங்க?"

"அவங்க எதுக்குச் சொல்லப்போறாங்க? கும்பிட்டுட்டுப் போனாங்க."

அம்மா வாசலில் நின்ற காரை எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றார்.

மறுநாள் நல்ல சாரல். திருமேனி முன்கதவைத் திறந்து பிடித்தார். அம்மா அதைக் கவனிக்காதவர் போலப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

மேலூரில் உண்ணாமலை என்ற பெண் ஏறினாள். நிறைமாதம். கூடவே அவள் கணவன் ஆண்டியப்பன். அவன் முன்னால் உட்கார்ந்து தன் பக்கத்துக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டான். திருமேனியின் ஜன்னலும் வழக்கம்போலத் திறந்தே இருந்தது. பஸ் ஓட்டிய பழக்கம். பின்னால் மட்டும், பிள்ளைத்தாய்ச்சிக்குக் குளிருமே என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தார்கள்.

வளைவுகளில் வண்டி இறங்கியது. உண்ணாமலை அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

"தூங்கட்டும்" என்றார் திருமேனி, கண்ணாடியில் பார்த்து. "நம்ம வண்டியில எல்லாரும் நல்லாத் தூங்குவாங்கம்மா."

அம்மாவுக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. தொண்டையில் கசந்தது. பக்கத்தில் இருந்தவளின் கன்னத்தைத் தட்டினார். கண் திறக்கவில்லை.

"நிறுத்துங்க."

"ஆஸ்பத்திரி கிட்டத்துல வந்துருச்சும்மா, இன்னும் கொஞ்சம்..."

"ஐயா, வண்டியை நிறுத்துங்க!"

அம்மா குரல் உயர்த்தி அவர் கேட்டதே இல்லை. பிரேக்கை மிதித்தார். கதவுகள் திறந்தன. ஆண்டியப்பன் அலறினான். திருமேனி அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடி, சாலையோரத்துப் பாறையில் கிடத்தினார். சாரல் அவள் முகத்தில் விழுந்தது. மூச்சை இழுத்தாள். பிறகு வாந்தி எடுத்தாள். பிறகு கண் திறந்து, "ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள்.

பின்னால் வந்த பால் வேனில் அவளை ஏற்றினார்கள். அம்மாவும் கூடப் போனார். திருமேனி கதவுகள் திறந்து கிடந்த காரின் பக்கத்தில் நனைந்துகொண்டே நின்றார்.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

அடுத்த நாள் காலை, இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே அம்மா காரின் மூடியைத் திறக்கச் சொன்னார். பூஜை அறையிலிருந்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்துவந்து திருமேனியிடம் கொடுத்தார்.

அம்மா உள்ளே உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் செய்தார். டக் டக்.

திருமேனி ஊதுபத்தியை இன்ஜின் பக்கத்தில் மெல்ல நகர்த்தினார். புகை நேராக எழுந்தது. புகைக்குழாய் இன்ஜினோடு சேருகிற இடத்துக்கு வந்ததும், யாரோ வாயால் ஊதுவதுபோல விலகி விலகி அடித்தது. ஒவ்வொரு 'டக்'குக்கும் ஓர் ஊதல். அந்த இடத்தைச் சுற்றி மை பூசியதுபோலக் கரி.

"இன்ஜினை நிறுத்துங்கம்மா" என்றார்.

மாலைவரை அதிலேயே கிடந்தார். டிப்போவில் மெக்கானிக்குகளின் பக்கத்தில் நின்று பார்த்தவை கைக்கு வந்தன. குழாயைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று உள்ளேயே முறிந்திருந்தது. புகை கசியாமல் இருக்க நடுவில் வைத்திருந்த கேஸ்கட் தகடு கருகி உதிர்ந்தது. அந்த இடுக்கு வழியாகக் கசிந்த புகை, இன்ஜினையும் காரின் உட்புறத்தையும் பிரிக்கும் முன்தகட்டில் ரப்பர் கழன்றுபோன ஒரு துவாரத்தின் வழியே காருக்குள் போயிருக்கிறது. முன்னால் இருந்தவர்களுக்கு ஜன்னல் காற்று. பின்னால் இருந்தவர்களுக்கு அந்தப் புகை.

அவர் கையில் அரத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சூடானா சத்தம் அடங்கிடும்மா. அதனால சரியாப் போச்சுன்னு நெனச்சேன்."

"இரும்பு விரியும். சத்தம் அடங்கும்" என்றார் அம்மா. "புகை கசிய அவ்வளவு இடுக்கு வேண்டாம். மயிரளவு போதும்."

"எத்தனை பேருக்கு விஷத்தைக் கொடுத்திருக்கேன். அத்தனை பேரும் என்னைக் கும்பிட்டாங்க. நானும் வாங்கிக்கிட்டேன்."

அம்மா ஆறுதல் சொல்லவில்லை. அதற்குள் டவுனிலிருந்து வாங்கிவரச் செய்திருந்த புது கேஸ்கட்டைப் பிரித்துக் கொடுத்தார்.

திருமேனி முறிந்த போல்ட்டை எண்ணெய் விட்டு, சூடுகாட்டி, மெல்ல மெல்லக் கழற்றினார். குழாயின் முகத்தை அரத்தால் தேய்த்துச் சமமாக்கினார். துவாரத்துக்குப் புது ரப்பர் போட்டார். கேஸ்கட்டை வைத்து, முதல் நட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார்.

"யார் மேல கோபம்?" என்றார் அம்மா.

"என் மேலதான்."

"பாவம், நட்டு என்ன பண்ணுச்சு?"

திருமேனி நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த நட்டைத் தளர்த்தினார். நடுவிலிருந்து தொடங்கி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்தார். வண்டியை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடியும் ஒரு சுற்று முறுக்கினார். ஊதுபத்தியைக் காட்டியபோது புகை நேராகவே எழுந்தது.

அடுத்த நாள் அவர் மேலூருக்கு நடந்தே போனார். பூங்காவனம் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவள் முன் வைத்தார்.

"இது எதுக்கு?"

"நீ அன்னைக்குச் சொல்லலைன்னா ஒரு உயிர் போயிருக்கும். ரெண்டு உயிர்."

"நாறுச்சு, சொன்னேன்" என்றாள் அவள். "இதுக்குப் போய் யாராவது பழம் கொடுப்பாங்களா?"

ஆனாலும் பழத்தை எடுத்துக்கொண்டாள்.

சில நாட்கள் கழித்து ஆண்டியப்பன் ஆசிரமத்துக்கு வந்தான். கையில் ஒரு போத்தல் மலைத்தேன். திருமேனியின் காலில் விழப்போனான். அவர் பின்வாங்கினார்.

"வேண்டாம்ப்பா. உனக்கு விஷயம் தெரியாது. உன் பொண்டாட்டி மயங்கினது என் வண்டிப் புகையில. நான் பார்த்திருக்கணும். பார்க்கலை."

ஆண்டியப்பன் அசையாமல் நின்றான். அவன் கண்கள் காரின் பக்கம் போயின. வெகுநேரம் அதையே பார்த்தான். கை போத்தலை இறுக்கிப் பிடித்தது.

"இப்போ சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன். அம்மாவும் பார்த்தாங்க. நானும் பின்சீட்டில உட்கார்ந்து பார்த்தேன்."

"அவளை மழையில தூக்கிட்டு ஓடினீங்களே. அப்போ உங்க கை நடுங்குச்சு. நான் பார்த்தேன்."



ஆண்டியப்பன் போத்தலை அவர் கையில் வைத்து, அவர் விரல்களை அதன்மேல் மூடினான். கும்பிட்டான். "தடுப்பூசிக்கு அடுத்த மாசம் கூட்டிட்டுப் போகணும். வண்டியைக் கொண்டுவாங்க" என்று சொல்லிவிட்டு மலை ஏறிப் போனான்.

திருமேனி தேனைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். சொன்ன பிறகும் கொடுத்துட்டுப் போறான்மா. இதை வாங்கிக்க எனக்கு என்ன தகுதி இருக்கு?"

அம்மா போத்தலின் மூடியைத் திறந்தார். திருமேனியின் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி அதில் கொஞ்சம் ஊற்றினார்.

"தகுதி பார்த்துக் கொடுத்தா அதுக்குக் கூலின்னு பேரு. இது தேன். சாப்பிடுங்க."