குட்டையோரம் கனவு கண்ட பூனைகள்

ஒரு காட்டில், மூங்கில் புதர்களுக்கு நடுவே, பூனைகள் கூட்டமாக வாழ்ந்துவந்தன. அங்கே வெயில்கூடச் சலித்த மாவுபோல மெல்லத்தான் இறங்கும். பனியோ உச்சிவேளை வரை கலையாது. அப்படிப்பட்ட இடத்தில் பூனைகளுக்கு வேறென்ன வேலை, குழந்தைகளே? தின்னும், தூங்கும், கனவு காணும். எழுந்ததும் கண்ட கனவை ஒன்றுக்கொன்று சொல்லிச் சொல்லியே பொழுதைக் கழிக்கும்.

காட்டின் நடுவில் ஒரு குட்டை இருந்தது. எப்போதாவது ஒரு பூனை அந்தக் குட்டையோரம் போய் உட்காரும். தலையைத் தண்ணீர்மேல் தொங்கவிட்டுக்கொள்ளும். ஒரு வாய் குடிக்காது, நகராது, கூப்பிட்டால் திரும்பாது. "அது நீர்க்கனவு காண்கிறது" என்று மற்றவை சொல்லும். உடனே எல்லாப் பூனைகளும் ஓடிவந்து அதன் முகத்தை நக்கும். அது மிச்சம் வைத்த இரையில் ஆளுக்கு ஒரு கடி கடிக்கும். அது படுத்த புல்மெத்தையில் புரளும். அப்படிச் செய்தால் அந்தக் கனவு தங்களுக்கும் வரும் என்பது அவற்றின் நம்பிக்கை.

இந்த வழக்கத்தைக் கட்டிக்காத்தவர் வரியப்பன் என்ற கடுவன் பூனை. அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாது என்று சொல்ல மட்டும் தெரியாது.

அதே கூட்டத்தில் செம்பி என்றொரு தாய்ப்பூனை இருந்தாள். எதையும் இரண்டு முறை முகர்ந்து பார்த்துத்தான் நம்புவாள். அவளுக்கு மூன்று குட்டிகள். பிறந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. அவற்றின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவளுக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

ஒரு பனிக்காலத்துக் காலையில் துள்ளி என்ற பூனை குட்டையோரம் போய் உட்கார்ந்தாள். தலை தொங்கியது. சேதி பரவியதும் கூட்டம் திரண்டது.

"அம்மா, நாங்களும் வர்றோம். எங்களுக்கும் கனவு வேணும்!" என்று செம்பியின் கடைக்குட்டி பொட்டு குதித்தது.

"மொதல்ல பெரியவங்க. குட்டிங்க அப்புறம்" என்று வரியப்பன் அதட்டினார்.

செம்பி மட்டும் போனாள். ஆனால் பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள். துள்ளியின் கண்கள் பாதி மூடியிருந்தன. நாக்கு தண்ணீர்வரை நீண்டது, தண்ணீரைத் தொடாமலே திரும்பியது. பிறகு அவள் உடம்பு குலுங்கியது. மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தாள். அவளைச் சுற்றி ஒரு கெட்ட வாடை.

"கனவு காண்றவ எதுக்கு வாந்தி எடுக்கணும்?" என்று செம்பி கேட்டாள்.

"கெட்ட நெனப்பெல்லாம் வெளிய வருதும்மா. உள்ள நல்லது மட்டும் தங்கும்" என்றார் வரியப்பன். சொல்லிவிட்டு எல்லோருக்கும் முந்திக்கொண்டு துள்ளியின் முகத்தை நக்கினார். குட்டிகளை விட்டு வராத சில தாய்களைத் தவிர மற்றவையும் நக்கின. செம்பி ஏதோ சாக்குச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் துள்ளி செத்துப்போனாள். "கனவுக்குள்ளயே போயிட்டா, கொடுத்துவெச்சவ" என்று பூனைகள் பெருமூச்சு விட்டன.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. துள்ளியை நக்கிய இரண்டு பூனைகள் அதே குட்டையோரம் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டன. வரியப்பனுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. மூங்கில் மேட்டில் ஏறி நின்று அறிவித்தார்:

"இந்த மாதிரி பெரிய கனவு நம்ம காட்டுக்கு வந்ததே இல்ல! நாளைக்கு வெயில் குட்டையத் தொட்டதும், எல்லாக் குட்டிங்களையும் கொண்டாந்து துள்ளியோட மெத்தையில போடுங்க. கொண்டுவராதவங்களுக்கு இந்தக் காட்டுல இடம் கிடையாது."

செம்பி கணக்குப் போட்டாள். இங்கே இருந்தால் குட்டிகள் அந்த மெத்தைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் காட்டையே விட வேண்டும். குட்டிகள் தூங்கும் நேரம் பார்த்து, காட்டின் ஓரத்துக்கு ஓடினாள்.

அங்கே வனக்காவலர் குடியிருப்பு இருந்தது. அதன் கூரையில் பூந்தி என்ற வீட்டுப்பூனை வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். வாய் ஓயாதவள். யாராவது காது கொடுத்தால் போதும்.

செம்பி கீழே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். பூந்தியின் வால் சட்டென்று விறைத்தது.

"அடி பாவி, அது கனவு இல்லடி. கொள்ளைநோய்! போன வருஷம் எங்க குடியிருப்புலயும் வந்துச்சு. தண்ணி கிட்டயே உட்கார்ந்திருக்கும், குடிக்க முடியாது. என் தங்கச்சி அப்படித்தான் செத்தா. ஆமா, நீ யாரையாவது தொட்டியா?"

"இல்லக்கா."

"உன் குட்டிங்க?"

"இல்ல. நாளைக்கு அவளோட மெத்தையில போடச் சொல்றாங்க."

"போட்டுடாத! அந்த நோய் கண்ணுக்குத் தெரியாது. மெத்தையில, மண்ணுல, தின்ன எடத்துல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா காத்துக்கெடக்கும். மழை பேஞ்சாலும் போகாது. சின்னக் குட்டிங்கள ரெண்டே நாள்ல முடிச்சிடும்."

"நீ எப்படிக்கா தப்பிச்ச?"

பூந்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள். "நான் ஊசி போட்டவ. நோய் வர்றதுக்கு முன்னாடியே போட்டுடணும். வந்தப்புறம் போட்டுப் பிரயோஜனம் இல்ல. நாளைக்குக் காலையில டாக்டரம்மா வர்றாங்க. குடியிருப்புத் திண்ணைல கூடை வெச்சிருப்பாங்க, உள்ள மீன் வாசம் அடிக்கும். குட்டிங்களோட உள்ள போயிரு. முள்ளு குத்தின மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

"நீதான் ஊசி போட்டவளாச்சே. நீ வந்து எங்க கூட்டத்துக்குச் சொல்லேன்."

"எனக்கு வராது. ஆனா என் பாதத்துல ஒட்டிக்கிட்டு வந்து உன் குட்டிங்களுக்குக் குடுத்துட்டேன்னா?" என்றாள் பூந்தி.

செம்பி திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள். தன் குட்டிகளோடு ஓடிவிடலாம். மற்றக் குட்டிகள்? நோய், கிருமி என்று அவள் சொன்னால் யார் கேட்பார்கள்? அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அதையே சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, தாய்ப்பூனைகள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு கிளம்பின. செம்பி பாறைமேல் ஏறி நின்று கத்தினாள்:

"நில்லுங்க! எனக்கு ஒரு கனவு வந்துச்சு!"

எல்லாம் அப்படியே நின்றன.

"கனவுல துள்ளி வந்தா. 'நான் இன்னும் அந்த மெத்தையிலதான் தூங்கறேன். யாரும் கிட்ட வராதீங்க, என் எச்சில் பட்ட எதையும் தொடாதீங்க. என்னை நக்காத தாய்ங்க குட்டிங்களத் தூக்கிக்கிட்டுக் காட்டோரத்து ஓட்டு வீட்டுக்குப் போங்க, அங்க ஒரு முள்ளு குத்துவாங்க. என்னை நக்கினவங்க குட்டிங்களோட தனித்தனிப் புதருக்குப் போங்க, ஒருத்தர் புதருக்கு ஒருத்தர் போகாதீங்க'ன்னு சொன்னா."

பூனைகள் வரியப்பனைப் பார்த்தன. கனவை மறுத்துப் பேசக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தவர் அவர்தானே! நன்றாக மாட்டிக்கொண்டார்.

"கனவு சொன்னா... சரியாத்தான் இருக்கும்" என்றார் கடைசியில்.

கூட்டம் கலைந்தது. துள்ளியை நக்காத நான்கு தாய்கள் செம்பியின் பின்னால் நடந்தன. திண்ணையில் கூடைகள் இருந்தன. மீன் வாசமும் இருந்தது. டாக்டரம்மா ஒவ்வொரு குட்டியின் பிடரித் தோலையும் மெல்லத் தூக்கி ஊசி போட்டார். பொட்டு மட்டும் ஊரைக் கூட்டியது. "மூணு வாரம் கழிச்சு மறுபடியும் போடணும். அதுவரைக்கும் காட்டுக்குள்ள விடாதீங்க" என்று வனக்காவலரிடம் டாக்டரம்மா சொன்னார். தாய்களும் குட்டிகளும் குடியிருப்பின் பழைய விறகுக் கொட்டகையிலேயே தங்கிக்கொண்டன.

தனிப் புதர்களுக்குப் போனவற்றில் எல்லாம் பிழைத்தன என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சில பிழைத்தன, சில பிழைக்கவில்லை. ஆனால் நோய் ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்குத் தாவவில்லை.

சில நாள் கழித்து, மனம் கேட்காமல், செம்பி மட்டும் காட்டுக்குள் போனாள். குட்டையிலிருந்து தள்ளி, எந்தப் பூனையும் போகாத மேட்டுப் பாறையில் நின்று பார்த்தாள். குட்டையோரம் வரியப்பன் உட்கார்ந்திருந்தார். தலை தண்ணீர்மேல் தொங்கியது. சுற்றிலும் பனி. அவரை நக்க ஒரு பூனைகூட இல்லை.

"அண்ணே!" என்று கூப்பிட்டாள்.

அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். "செம்பியா? ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கு உனக்கு நெசமாவே கனவு வந்துச்சா?"

செம்பியால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்லண்ணே. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல."

"எனக்கும் ஒண்ணும் வரலம்மா" என்றார் வரியப்பன். "தாகமா இருக்கு. வயித்துல வலி. அவ்வளவுதான். துள்ளிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்ல?"

எவ்வளவு வீம்பு பிடித்தவர்! ஆனாலும் தன் கூட்டத்துப் பூனையாயிற்றே. ஓடிப்போய் அந்த முகத்தை ஒரு தடவை நக்கிவிடலாமா என்று அவள் கால் ஒன்று தன்னையறியாமல் முன்னே நகர்ந்தது.

"வராத!" என்று வரியப்பன் இருந்த பலத்தையெல்லாம் திரட்டிச் சீறினார். "அங்கேயே நில்லு. குட்டிங்க இருக்குல்ல உனக்கு?"

செம்பி அங்கேயே நின்றாள். வெயில் சாயும்வரை, அவர் தலை சாயும்வரை, துணைக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நின்றாள்.

நீதி: அழகான பெயர் வைத்துவிட்டால் நோய் நோயில்லாமல் போய்விடாது, அது வருமுன் தடுப்பூசி போட்டுக்கொள்வதும், வந்தபின் விலகி நிற்பதுமே உயிரைக் காக்கும்.